அரசன் கட்டிய குழாயடியும் அதில் வராத தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் நகரின் இன்னோசான் நீரூற்றைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஜான் கூஜோனின் சிற்பங்களைப் பற்றி அது நிறைவாகவே பேசுகிறது. ஆனால் தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு வரிதான். அந்த வரியும், மன்னர் காலம் தொட்டு அங்கே தண்ணீர் பெருகி வழிந்ததாகச் சொல்கிறது. நடந்தது இதற்கு நேர்மாறு. கட்டி முடித்த 1549-லிருந்து ஏறத்தாழ 260 ஆண்டுகள் அந்த ஊற்று தண்ணீருக்குத் தவித்தது. தண்ணீர் தாராளமாக வந்த பிறகோ, வந்த தண்ணீரே சிற்பங்களை அரிக்கத் தொடங்கியது. கட்டடம் இன்றைய வடிவத்துக்கு ஏன் வந்தது என்பதைத் தண்ணீர்க் கணக்கில்லாமல் விளக்க முடியாது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

சதுக்கத்தின் நடுவே, நான்கு பக்கமும் வளைவு திறந்து, தலையில் குவிமாடத்தோடு நிற்கும் இந்தக் கட்டடம் முதலில் ஒரு தெருமுனைக் கட்டடம். இன்னோசான் என்ற பெயருக்குக் காரணமான மாசில்லாக் குழந்தைகள் ஆலயத்தின் சுவரை ஒட்டி, சேன்-தெனி தெருவும் ஓ ஃபேர் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்தது. ஓ ஃபேர் தெருப் பக்கம் இரண்டு வளைவுகள், சேன்-தெனி பக்கம் ஒன்று, ஆக மூன்றே வளைவுகள். பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. மேல்தளம் ஒரு மாடம். முடிசூடிய மன்னர்கள் நகருக்குள் ஊர்வலமாக நுழையும் பாதை சேன்-தெனி தெரு. இரண்டாம் ஹென்றி 1549 ஜூன் 16 அன்று அவ்வழியே வந்தபோது பெரிய மனிதர்கள் நின்று பார்ப்பதற்கான மேடையாகவும் அந்த மாடம் பயன்பட்டது. வடிவமைத்தவர் பியர் லெஸ்கோ, செதுக்கியவர் கூஜோன். இதே இருவரும்தான் அந்த மன்னருக்காக லூவர் அரண்மனையின் புதிய பகுதியிலும் சேர்ந்து உழைத்தவர்கள்.

அந்த மூலையில் தண்ணீர் பிடிக்கும் இடம் அதற்கும் முன்பே, இடைக்காலத்திலேயே இருந்தது. லெஸ்கோ செய்தது பழைய குழாயடிக்குப் புதிய மாளிகை கட்டியதுதான். குழாயும் ஊற்றுக்கண்ணும் பழையவையே.

அந்த ஊற்றுக்கண் பாரிசின் வடகிழக்கே ப்ரே-சேன்-ஜெர்வே மேட்டில் இருந்தது. மேட்டின் மேலடுக்கு மணல், அதற்கடியில் நீர் இறங்காத பச்சைக் களிமண். மழைநீர் மணலில் இறங்கிக் களிமண்ணில் தடுக்கப்பட்டுப் பக்கவாட்டில் கசியும். அந்தக் கசிவைப் பிடிக்க, களிமண் மட்டம் வரை குறுகிய கால்வாய் தோண்டி, சாந்து பூசாமல் கற்களை அடுக்கி, மேலே பலகைக் கல்லால் மூடினார்கள். சாந்து பூசாததற்குக் காரணம் உண்டு. கல்லிடுக்கு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வர வேண்டும். இப்படிப் பல கால்வாய்கள் ஒரு சிறு கற்கட்டட அறையில் வந்து சேரும். அங்குள்ள தொட்டியில் மணலும் வண்டலும் அடியில் தங்க, தெளிந்த நீர் மட்டும் விளிம்பு வழியே ஈயக் குழாய்க்குப் போகும். அந்த அறைகளை ரெகார் என்பார்கள். ப்ரே-சேன்-ஜெர்வேயிலும் அடுத்துள்ள பெல்வில்லிலும் சில இன்றும் நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டில் சரிவுக்குக் குறைவில்லை. மேட்டிலிருந்து நகருக்குத் தண்ணீர் தானாகவே இறங்கிவிடும், எந்திரம் வேண்டாம். குறை அளவில்தான். கசிவு நீர் மழையை நம்பியது. கோடை நீண்டால் கால்வாய் மெலியும். போதாததற்கு அந்த மேடு முழுக்க ஜிப்சம். அதன் ஊடே வரும் தண்ணீர் மிகக் கடினமானது. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வகைகள் சரியாக வேகாது.

குழாய்களோ தனிக் கதை. மணல் பரப்பிய மேசையில் ஈயத்தைத் தகடாக வார்த்து, மர உருளையில் சுற்றி, நீளவாக்கில் பற்றவைத்துச் செய்தவை. முதலில் விட்டுக்கொடுப்பது அந்தப் பற்றுதான். குழாயின் பாதையில் மேடான இடத்தில் காற்று சேர்ந்து ஓட்டத்தை அடைக்கும், ஆகவே அங்கே காற்றுப்போக்கி வேண்டும். தாழ்வான இடத்தில் வண்டல் சேரும், அங்கே கழிவுத் திறப்பு வேண்டும். மர வேர் ஒரு மயிரிழை விரிசலில் நுழைந்தால் உள்ளே தண்ணீரோடு நீண்டு, அடர்ந்த கற்றையாகக் குழாயை நிரப்பிவிடும். பிரெஞ்சுக் குழாய்ப் பணியாளர்கள் அதற்கு இட்ட பெயர் நரிவால். குழாயின் உள்சுவரில் சுண்ணாம்பு படிந்து விட்டம் ஆண்டுக்காண்டு குறையும். அந்தப் படிவால் ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்: ஈயம் தண்ணீரில் கரைவதை அது பெருமளவு தடுத்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கசிவு மனிதர்களால் வந்தது. நகரத்துக்கு வரும் குழாயிலிருந்து தன் மாளிகைக்கு ஒரு கிளை இழுத்துக்கொள்ளும் உரிமையை மடங்களும் பிரபுக்களும் அதிகாரிகளும் பெற்றுக்கொண்டே இருந்தார்கள். பொதுக் குழாயடிகள் வறண்டன. 1392 அக்டோபர் 9 அன்று ஆறாம் சார்லஸ் மன்னர் அந்தத் தனியார் உரிமைகளை ரத்து செய்து ஆணையிட்டார். அரச மாளிகைகளுக்கும் அரச குடும்பத்து இளவரசர்களுக்கும் மட்டும் விலக்கு. ஆணை இருந்தும் கிளைகள் மறுபடி முளைத்தன. பின்வந்த மன்னர்களும் இதே சிக்கலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

பங்கீட்டை அளந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் பாரிசில் தண்ணீர் அரசியல் முழுக்க ஒரு துளையின் விட்டத்தில் அடங்கியிருந்தது. அளவின் பெயர் அங்குல நீர். ஒரு தொட்டியின் செங்குத்துத் தகட்டில் 1 அங்குல விட்டத்தில் வட்டத் துளை. அது பழைய பிரெஞ்சு அங்குலம், 27 மி.மீ. தொட்டியின் நீர்மட்டம் துளையின் மேல்விளிம்புக்கு 1 கோடு உயரத்தில் நிற்க வேண்டும். கோடு என்பது அங்குலத்தில் பன்னிரண்டில் ஒன்று, 2.26 மி.மீ. அந்த நிலையில் துளை வழியே விழும் தண்ணீர்தான் ஒரு அங்குல நீர். இன்றைய கணக்கில் நிமிடத்துக்கு 13.3 லிட்டர், நாளுக்கு 19.2 கன மீட்டர் அளவில் வரும். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கமாக மாறுவதால் ஒரு அங்குல நீரில் 144 கோடு நீர். ஒரு கோடு நீர் நாளுக்குச் சுமார் 133 லிட்டர்.

இதில் எங்கே தவறு நடக்கும் என்று பாருங்கள். 4 கோடு நீருக்கு உரிமை பெற்றவரின் துளை 2 கோடு விட்டம், அதாவது நாலரை மி.மீ. நாளுக்கு 530 லிட்டர். அந்தத் துளையை யாராவது வெறும் 1 கோடு அகலப்படுத்தினால் விட்டம் 3 கோடு ஆகிறது, தண்ணீர் 4-லிருந்து 9 கோடாகிறது. இரண்டு மில்லிமீட்டர் அராவினால் பங்கு இரண்டு மடங்குக்கு மேல். ஆகவேதான் துளைகளை உலோகத் தகட்டில் இட்டார்கள், அறைகளுக்குக் கனத்த கதவு போட்டார்கள். துளைகளின் மையங்கள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டாலும் அநியாயம்தான். தாழ்ந்த துளைக்கு மேல் நீரின் அழுத்தம் அதிகம், அதனால் அதற்குக் கூடுதலாகக் கிடைக்கும். நீர்மட்டம் குறையும்போது உயர்ந்த துளை முதலில் காயும். மையத்துக்கு மேல் 7 கோடுதான் நீர் நிற்க வேண்டும் என்ற கணக்கில், மட்டம் இன்னொரு 7 கோடு ஏறினால் ஓட்டம் சுமார் 40 விழுக்காடு கூடிவிடும். சிறு துளைகளுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல்: ஒரு இலைத்துணுக்கோ சுண்ணாம்புச் சில்லோ போதும், அடைத்துவிடும். பொதுக் குழாயடிக்கான துளையைத் தினமும் சுத்தம் செய்ய ஆளில்லை என்றால், அந்தத் தெருவே குடத்தோடு காத்திருக்க வேண்டியதுதான்.

லெஸ்கோவின் வடிவத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அவருடைய அறிவு தெரியும். தண்ணீரைப் பீய்ச்சும் தாரையோ, விளிம்பு வழியும் தொட்டியோ அவர் வைக்கவில்லை. வைத்திருந்தால் ஆண்டில் பாதி நாள் வெறுமையாக நின்றிருக்கும். தெரு மட்டத்தில் சிறு சிங்கமுகக் குழாய்கள் மட்டும். அவற்றில் மெல்லிய ஒழுக்காக வருவதை மக்கள் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீரின் பெருக்கத்தைக் காட்டும் வேலையைக் கல்லிடம் விட்டார்கள். தூண்களுக்கிடையே குடத்தைச் சாய்த்து ஊற்றும் நீரணங்குகள், நீரோட்டம் போலவே உடலில் ஒட்டி வழியும் மெல்லிய ஆடை மடிப்புகள், கீழே கடல் உயிர்களோடு விளையாடும் உருவங்கள். தண்ணீர் குறைவாக வந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்குக் குறையாத ஊற்று அது. என் மதிப்பில் இது அலங்காரத்தை விட உயர்ந்த பொறியியல் முடிவு.

அடுத்த நூற்றாண்டில் அரசு தண்ணீர் தேடியது, தனக்காக. நான்காம் ஹென்றி 1608-ல் போன் நெஃப் பாலத்தில் சேன் ஆற்று நீரை ஏற்றும் சமாரித்தேன் எந்திரத்தை அமைத்தார். அது லூவருக்கும் துய்லெரி தோட்டத்துக்கும். அரண்மனைக்கு ஆற்று நீர் கிடைத்தால் ஊற்று நீரை நகரத்துக்கு விடலாம் என்பது எண்ணம். 1613-ல் சிறுவனான பதின்மூன்றாம் லூயி அடிக்கல் நாட்டிய, தெற்கிலிருந்து ஊற்று நீரைப் பாரிசுக்குக் கொண்டுவரும் ரன்ஜிஸ் கால்வாய் 13 கி.மீ. நீளம். ஒப்பந்தப்படி வர வேண்டிய 30 அங்குல நீரில் 18 மன்னருக்கு. எங்கே முன்னுரிமை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னோசான் மூலையை மாற்றியது தண்ணீர் அல்ல, கல்லறை. ஆலயத்தை ஒட்டிய இடுகாடு பல நூற்றாண்டுகளாகப் பிணங்களால் நிரம்பி, 1780-ல் பக்கத்து வீட்டின் நிலவறைச் சுவரை உடைத்து உள்ளே சரிந்தது. இடுகாடு மூடப்பட்டது, எலும்புகள் 1785 முதல் நகருக்கு அடியிலுள்ள பழைய கற்சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டன, ஆலயம் இடிக்கப்பட்டது. ஆலயச் சுவரில் சாய்ந்து நின்ற ஊற்றும் போயிருக்கும். அதைக் காப்பாற்றியதில் ஒரு பத்திரிகைக் கடிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கலை அறிஞர் காத்ரமேர் த கேன்சி 1787 பிப்ரவரியில் ஜூர்னால் த பாரி நாளிதழுக்கு எழுதிய கடிதம் அது.

காப்பாற்றியதற்கு ஒரு விலை இருந்தது. ஆலயம் இருந்த இடத்தில் சந்தை வந்தது. அதன் நடுவே நிறுத்தினால் நான்கு பக்கமும் தெரியும், மூன்று முகங்களே இருக்கின்றன. ஒகுஸ்தேன் பாஜு நான்காம் முகத்தைச் செதுக்கினார். சிற்ப எண்ணிக்கையை எளிதாகச் சரிபார்க்கலாம். இரட்டை வளைவுப் பக்கத்தில் மூன்று நீரணங்குகள், ஒற்றை வளைவுப் பக்கத்தில் இரண்டு, ஆக கூஜோன் செய்தவை ஐந்து. நான்கு முகம், முகத்துக்கு இரண்டு என்றால் எட்டு வேண்டும். மீதி மூன்றும் பாஜுவுடையவை. புதிய முகத்தில் இரண்டு போக, மூன்றாவது ஒரு பழைய நீரணங்குக்குத் துணையாக நிற்கிறது. உங்கள் கட்டுரையின் படக்குறிப்பு எட்டையும் கூஜோன் பெயரில் சேர்த்துவிட்டது. அருள்கூர்ந்து திருத்த வேண்டும். பாஜு முன்னவரின் பாணியை மிகுந்த மரியாதையோடு பின்பற்றியவர் என்பதால் இந்தக் குழப்பம் இயல்புதான்.

1788-ல் சதுக்கத்தில் எழுந்த ஊற்று உயர்ந்த பீடம், சிங்கங்கள், தொட்டிகள், செதில் போன்ற உலோகத் தகடு வேய்ந்த குவிமாடம் என்று கம்பீரமாக நின்றது. தண்ணீரோ பழையபடியே. தெருச் சுவருக்கான ஒழுக்கை வைத்துச் சதுக்கத்து நீரூற்றை இயக்கப் பார்த்தார்கள். உயரமும் தொட்டிகளும் கூடக் கூடக் குறை பளிச்சென்று தெரிந்தது.

தீர்வு ஊர்க் ஆற்றிலிருந்து வந்தது. நெப்போலியன் ஆட்சியில் 1802-ல் ஆணையிடப்பட்ட சுமார் 100 கி.மீ. நீளக் கால்வாய் அது. அதன் நீர் 1808 டிசம்பரில் லா வில்லெத் நீர்த்தேக்கத்தை எட்டியது. தேக்கம் சேன் ஆற்றின் மட்டத்துக்குச் சுமார் 25 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கிருந்து எந்திரம் இல்லாமலே நகரின் பெரும்பகுதிக்கு அழுத்தத்தோடு தண்ணீர் இறங்கும். சந்தை நடுவே முதல்முறையாக உண்மையான அருவி விழுந்தது.

உடனே கல் பாதிக்கப்பட்டது. அடிப்பீடத்தில் இருந்த கூஜோனின் நீண்ட புடைப்புச் சிற்பங்கள் மூன்றும் தண்ணீர் விழும் பாதையில் இருந்தன. சில மில்லிமீட்டர் ஆழமே செதுக்கிய மேற்பரப்பு அவை. விழும் நீர் தேய்த்தது ஒருபுறம், தெறித்துக் காய்ந்த நீர் விட்ட சுண்ணாம்பு மறுபுறம். கடின நீர் காற்றில் சிதறி விழும்போது அதில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேறும், சுண்ணாம்பு கல்லில் படியும். நனைந்த கல்லில் உறைபனி பிடித்தால் உள்ளிருக்கும் நீர் விரிந்து மேல்தோலை உரிக்கும். 1810-ல் அந்த மூன்று சிற்பங்களையும் கழற்றினார்கள், 1824-ல் அவை லூவருக்குப் போயின. இரண்டரை நூற்றாண்டு வறட்சி செய்யாத சேதத்தைப் பெருக்கம் ஓரிரு ஆண்டில் செய்யத் தொடங்கியது என்பதை நீரூற்று பராமரிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1858 முதல் 1860 வரை கட்டடக் கலைஞர் கப்ரியேல் தாவியூ ஊற்றை மீண்டும் இடம் மாற்றிச் சிறு பூங்காவின் நடுவே நிறுத்தினார். நான்கு பக்கமும் படிப்படியாகத் தண்ணீர் வழியும் தொட்டி வரிசைகள் அவர் சேர்த்தவை. இன்று பார்ப்பவர் மனத்தில் நிற்பது அந்தப் படித்தொட்டிகள்தான், 16-ஆம் நூற்றாண்டின் எண்ணத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. 1862-ல் வரலாற்றுச் சின்னமாகப் பதிவானது. நீண்ட காலம் பழுதுபட்டுக் கிடந்து, 2024-ல் மறுசீரமைப்பு முடிந்தது.

இத்தகைய கட்டடத்தைச் சீரமைப்பது கல்லைக் கழுவுவதாக நினைத்துவிடக் கூடாது. முதலில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று காண வேண்டும். தொட்டியின் ஈயத் தகடோ காரைப் பூச்சோ ஒரு மூலையில் விட்டிருந்தால், அங்கிருந்து பீடத்தின் உட்புறம் முழுக்க ஈரம் ஏறும். கற்களைப் பிணைக்கும் பழைய இரும்புக் கவ்விகள் அந்த ஈரத்தில் துருப்பிடித்துப் பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே சிமென்ட் பூசி விரிசலை மறைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் நல்ல கல்லும் உதிரும். கல்லை விடக் கடினமில்லாத சுண்ணாம்புச் சாந்தே பொருத்தம். மழை படாத இடுக்குகளில் புகைக்கரி கலந்த ஜிப்சம் கறுப்புத் தோலாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டினால் கூஜோனின் உளித்தடமும் சேர்ந்து போய்விடும். ஈரப் பற்றுப் போட்டு மெல்ல ஊறவைத்தோ, லேசர் ஒளியாலோ எடுக்க வேண்டும்.

தண்ணீரைத் திரும்ப விட்ட பிறகும் வேலை ஓயாது. ஒரே நீரைப் பம்பு மூலம் சுழற்றும் நீரூற்றில் ஆவியாதலால் உப்பும் சுண்ணாம்பும் நாளுக்கு நாள் செறியும். ஆகவே ஒரு பங்கை அவ்வப்போது வெளியேற்றிப் புதுநீர் சேர்க்க வேண்டும், வடிகட்டியைக் கழுவ வேண்டும், காற்றடிக்கும் நாளில் தாரையின் வேகத்தைக் குறைக்க வேண்டும். உறைபனிக்கு முன் குழாயில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடிக்க வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த சீரமைப்பு சீக்கிரமே வரும்.

பாரிஸ் செல்லும் உங்கள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். லே ஆல் பகுதியில் ஊற்றைப் பார்த்துவிட்டு, லூவரில் ரிஷ்லியூ பகுதியின் பிரெஞ்சுச் சிற்பக் கூடத்துக்குப் போங்கள். கழற்றிய மூன்று புடைப்புச் சிற்பங்களும் அங்கே கண்மட்டத்துக்கு அருகே இருக்கின்றன. கல்லின் எந்தப் பகுதி மழுங்கியிருக்கிறது, எந்தப் பகுதி கூர்மை மாறாமல் இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். செப்டம்பரில் மரபுச் சின்ன நாட்களின்போது சென்றால் பெல்வில்லில் உள்ள லாந்தேர்ன் ரெகார் திறந்திருக்கும். இன்னோசானுக்கு நீர் தந்த தடம் அதற்கு அடுத்தது என்றாலும் அமைப்பு ஒன்றே. படிக்கட்டில் இறங்கினால் தொட்டியையும் அதில் வந்து விழும் நீரையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பாரிசிலிருந்து ஒரு வாசகர்